முதுகு காட்டி நின்ற ஜீப்

ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார்கள். கம்பம் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களைக் கேட்டால், "கதவு சாத்துற வரைக்கும்" என்பார்கள். சுவக்கீனின் ஜீப்புக்குக் கதவே கிடையாது. ஆகவே கணக்கும் கிடையாது.

மலை மேல், கேரளப் பக்கத்து வண்டன்மேட்டில் சுவக்கீனைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதி அவரே சொன்னவை. ஒருமுறை முன் கியர் எதுவும் விழாமல் போக, வண்டி நிறையப் பெண்களோடு கம்பம்மெட்டு மலைச்சாலை முழுவதையும் பின்பக்கமாகவே ஏறினார் என்பது அதில் ஒன்று. எதிரே வந்த லாரிக்காரர்கள், இந்த வண்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்று புரியாமல் ஓரங்கட்டி நின்று கும்பிட்டார்களாம். மூடுபனியில் பாதை மறைந்துபோனால் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்களின் வாசனையை மோந்தே வளைவுகளைக் கண்டுபிடிப்பார் என்பது இன்னொன்று. இது கிட்டத்தட்ட உண்மை. எந்த ஸ்டோர் எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பது அந்த மலையில் மூக்குள்ள எவருக்கும் தெரியும்.

சுவக்கீனின் மனைவி செபமாலையம்மாள் அப்படிப்பட்ட ஒரு ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். அவர்களுக்கு ஒரே மகள், கத்தரீனாள். மலை மேலிருக்கும் சின்னக் கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம். அந்தக் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர்.

அவள் கோல்கீப்பர் ஆனதற்கு மைதானமே காரணம். அவர்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமன்செய்த ஒரு துண்டு நிலத்தில்தான் பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். ஒருபக்கக் கோலுக்குப் பின்னால் வலை கிடையாது, பள்ளம்தான் உண்டு. பந்தை விட்டவரே இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருமுறை இறங்கி ஏறினால் கணுக்காலில் அட்டை கொத்தாகத் தொங்கும். பையன்கள் எவனும் அந்தக் கோலில் நிற்க மாட்டான். வயதில் சின்னவள் என்று கத்தரீனாளை நிறுத்தினார்கள். அட்டைக்குப் பயந்தே அவள் பந்தை விடாமல் பழகினாள்.

ஆனால் ஒருத்தி மட்டும் பிடித்தால் அணி தேறுமா? ஒவ்வொரு வருஷமும் பல்கலைக்கழகப் போட்டிக்குக் காலையில் போய், முதல் சுற்றில் தோற்று, மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடும் அணி அது. கல்லூரிப் பேருந்து ஆண்கள் அணிக்கு. இவர்களை அரசுப் பேருந்தில் போகச் சொல்லிவிடுவார்கள். இந்த வருஷம் பயிற்சியாளர் ஜோஜோ சார் வண்டிக்கு ஆள் தேடினார். சுவக்கீன் தானாகவே போய் நின்றார்.

"டீசல் மட்டும் போடுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்ன சேட்டா, சும்மாவா ஓட்டுவீங்க?"

"சும்மா இல்ல சார். எம்மக ஆடுறத நான் ஒருநாளும் பாத்ததில்ல. காலையில ஆள் ஏத்தப் போயிடுவேன், சாயங்காலம் ஆள் இறக்கப் போயிடுவேன். இது அவளுக்குக் கடைசி வருஷம்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு ஆட்டம் முழுசாகப் பார்க்க வேண்டும்.

முதல் ஆட்டம் கட்டப்பனையில். பெண்கள் பதினாறு பேர், ஜோஜோ சார், பந்துகள் அடைத்த சாக்கு, எல்லாம் ஒரே ஜீப்பில். சுவக்கீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோட்டோரமாக, மகள் நின்ற கோலுக்குப் பக்கத்திலேயே நின்றார். பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் உள்ளே போயிற்று. இரண்டும் பிடிக்கக்கூடியவை என்று ஜோஜோ சார் தலையில் அடித்துக்கொண்டார். சுவக்கீனால் நிற்க முடியவில்லை. போய் ஜீப்பின் முன்மூடியைத் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று குனிந்தார். நிமிர்ந்தபோது இவர்கள் மூன்று கோல் போட்டிருந்தார்கள்.

சந்தோஷத்தில் யாரும் எதையும் யோசிக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் சுவக்கீன் கோட்டோரம் நின்றார். ஐந்தாவது நிமிஷமே கோல். ஜோஜோ சார் யாருக்கோ கால் பிசகிற்று என்று ஐஸ் வாங்க அவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். ஐஸோடு திரும்பினால் ஆட்டம் முடிந்து, ஜெயித்த பெண்கள் புல்லில் உருண்டுகொண்டிருந்தார்கள்.

அணித்தலைவி ரிஞ்சு புத்திசாலி. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். அப்படிப்பட்டவர்கள் மூடநம்பிக்கையிலும் கணக்காகத்தான் இருப்பார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் அவள் ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், தப்பா எடுக்கக்கூடாது. இன்னைக்கு நீங்க வண்டியிலயே இருங்க."

"ஏம்மா, நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலை. நீங்க பார்க்கும்போ நமக்கு கோல் விழுது. பார்க்காதபோ நாம அடிக்கிறோம். அவ்ளோதான்."

பெண்கள் சிரித்தார்கள். சுவக்கீனும் சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தார். கத்தரீனாள் கையுறையின் பட்டையை இறுக்குவதிலேயே கண்ணாக இருந்தாள். பிறகு, "இந்த ஒரு மேட்ச் மட்டும்ப்பா" என்றாள்.

ஒரு மேட்ச் என்பது ஒவ்வொரு மேட்ச் ஆயிற்று. ஜீப்பை மைதானத்துக்கு முதுகு காட்டி நிறுத்த வேண்டும். பின்பக்கத் தார்ப்பாயை இறக்கிவிட வேண்டும். பின்னால் நடப்பது தெரியாதபடி ரிஞ்சு தன் கையாலேயே பக்கவாட்டுக் கண்ணாடிகளை உள்பக்கமாக மடக்கிவிட்டுப் போவாள். சுவக்கீன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, எங்கும் போகாத வண்டியை ஓட்டுகிறவர் போல உட்கார்ந்திருப்பார். நெடுங்கண்டத்தில் அவர் பார்த்தது ஒரு மாட்டுத் தொழுவத்தை. கட்டப்பனையில் மறுபடி ஆடியபோது ஒரு பேக்கரியின் பின்சுவரை. அணி ஜெயித்துக்கொண்டே போயிற்று. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இல்லாத அதிசயம். முதல்வர் கைதட்டினார், செய்தித்தாளில் படம் வந்தது. பேருந்து தருகிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். ரிஞ்சு வேண்டாம் என்றுவிட்டாள். "அங்கிள் வரணும். வந்து பார்க்காம இருக்கணும்."

வீட்டில் செபமாலையம்மாள் கொதித்தாள்.

"எல்லாப் புள்ளைகளுக்கும் அப்பன் வந்து கைதட்டுறாக. எம்மகளுக்கு அப்பன் வந்து செவத்தப் பாக்குறாக. ஏன்யா, நீ என்ன பேயா பிசாசா?"

"சின்னப்புள்ளைக ஆசைப்படுதுக. விடேன்."

"நீ வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போறியே, அதச் சொல்லு. யாருக்குக் காட்ட?"

சுவக்கீன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் போனார். கடைசி ஆட்டத்திலாவது கூப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பு.

மலையில் ஒரு பேச்சு, ஏலக்காய் வாசனையைவிட வேகமாகப் பரவும். காலையில் ஏறும் பெண்களுக்கு இது நல்ல தீனி ஆயிற்று.

"சுவக்கீன் அண்ணே, எங்க கங்காணியக் கொஞ்சம் உத்துப் பாத்துட்டுப் போங்க. கீழ விழுந்து கெடக்கட்டும்."

"செடிப் பக்கம் திரும்பிராதீக அண்ணே. பூவெல்லாம் கொட்டிப்போகும்."

ஏலக்காய் விலை இறங்கியபோது, அன்றைக்குச் சுவக்கீன் ஏல மையத்து வாசலில் டீ குடித்தார் என்று ஒருவர் சொன்னார். அவர் பார்த்த பந்து காற்றிறங்கி அப்பளமாகிவிட்டது என்று ஒருத்தி சத்தியம் செய்தாள். சுவக்கீனும் விடவில்லை, "பந்து மட்டுமா, அத உதைச்ச புள்ளயோட ஷூவும் வாயப் பொளந்துருச்சு" என்று தானே ஒரு முழம் சேர்த்துவிட்டார். அவர் கதையை அவரே வளர்த்தார். அதுதான் அவர் செய்த பிசகு. வேடிக்கைக்குப் போட்ட வேலி எப்போது முள்ளாகும் என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் விடிகாலையில் முருகேஸ்வரி வண்டியில் ஏறவில்லை. பல வருஷமாக முன்சீட்டில், அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறவள். பின்னால் நின்ற வேறொரு ஜீப்பை நோக்கிப் போனாள்.

"என்ன முருகேஸ்வரி, கோவமா?"

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கோவமெல்லாம் இல்லண்ணே. மருமக முழுகாம இருக்கா. முன்னாடி ரெண்டு தரம் தங்கல. அதான். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக."

சுவக்கீன் அன்றைக்கு எந்தக் கதையும் சொல்லாமல் மலையேறினார். சிரிக்காமல் சொல்லப்பட்ட ஒரு சொல், சிரித்துச் சொன்ன நூறு சொற்களையும் உண்மையாக்கிவிட்டது. அதற்குப் பிறகு யாருடைய கைக்குழந்தையையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோவிலில் பூசை நேரத்தில் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அரையிறுதி தொடுபுழையில். மலையை விட்டு இறங்கி, புழுக்கத்தில் பெண்கள் வியர்த்துக் களைத்திருந்தார்கள். காற்று வேண்டும் என்று தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அதை இறக்கிவிட அன்று எல்லாரும் மறந்துபோனார்கள். ரிஞ்சு கண்ணாடிகளை மட்டும் மடக்கினாள்.

"என்ன ஆனாலும் திரும்பாதீங்க அங்கிள். இது ஜெயிச்சா ஃபைனல்."

சுவக்கீனுக்கு எதிரே ஒரு மதில். மதிலில் சிமெண்டு விளம்பரம். ஆட்டம் முழுக்க அந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் சத்தம் ஏறும், இறங்கும். ஒரு பெரிய கூச்சல், அதில் ரிஞ்சுவின் குரல். இவர்கள் கோல் போட்டுவிட்டார்கள் என்று புரிந்தது. பிறகு நெடுநேரம் கத்தரீனாளின் குரல்தான். "விடு, விடு, எனக்கு விடு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் வீட்டில் கேட்காத குரல். இத்தனை அதிகாரமாக ஒருத்தி தன் வீட்டில் சோறு தின்கிறாளா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

அப்புறம் ஒரு மோதல். மரக்கிளை முறிவது போல ஒன்று. கத்தரீனாளின் அலறல்.

சுவக்கீனின் கழுத்து பாதி அசைந்தது. அத்தோடு நின்றது. நான் திரும்பினால் இதற்குமேல் என்ன ஆகுமோ என்று நினைத்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். மாதாவே, மாதாவே என்றார். மைதானமே அமைதியாகிவிட்டது. யாரோ தண்ணீர் கேட்டார்கள், யாரோ ஓடினார்கள். அவர் சிமெண்டு விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் ஒன்றுமே தெரியவில்லை.

கத்தரீனாள் புல்லில் கிடந்தாள். கிடந்த இடத்திலிருந்து அவளுக்கு ஜீப்பின் திறந்த பின்பக்கம் தெரிந்தது. சீட்டுக்கு மேலே அப்பாவின் கழுத்து, வெள்ளைச் சட்டைக் காலர். அது திரும்பவில்லை.

ஒரு கோலில் அணி ஜெயித்தது. தோழிகள் அவளைத் தூக்கிவந்து வண்டியில் கிடத்திய பிறகே சுவக்கீன் திரும்பினார். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குக் கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, செபமாலையம்மாள் கட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் திட்டாத நாள் அந்த வீட்டில் அதுதான் முதல் நாள்.

இறுதி ஆட்டம் கோட்டயத்தில். கத்தரீனாள் ஆட முடியாது. ஆனால் வந்தே தீருவேன் என்றாள். முன்சீட்டில் அவளை உட்கார வைத்து, கட்டுப் போட்ட காலை ஒரு சாக்குமூட்டை மேல் தூக்கி வைத்தார்கள். அவள் இடத்தில் நின்றவள் சித்ரா என்ற முதல் வருஷப் பெண். ரிஞ்சு வழக்கம்போலக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு, கத்தரீனாளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். அப்பாவும் மகளுமாக ஒரு பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் இவர்கள் ஒரு கோல் போட்டார்கள்.

இடைவேளையில் கத்தரீனாள் பேசினாள்.

"யப்பா, வண்டியத் திருப்புங்க."

"சும்மா இரு புள்ள. ரிஞ்சு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கா."

"நான் சொல்றேன், திருப்புங்க."

"வேண்டாம்த்தா. நான் பாத்தா வெளங்காது. ஊரே சொல்லுது."

"ராசியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. கட்டப்பனையில எம்பக்கத்துலயே நின்னீங்கள்ல? பந்து எங்கிட்ட வர்றப்பல்லாம் நீங்க கண்ண இறுக்கி மூடிக்கிட்டீங்க. வாய் என்னமோ செபம் சொல்லுது. நான் பந்தப் பாக்காம ஒங்களத்தான் பாத்தேன். ஒங்க பயம் எனக்கு வந்துருச்சு. கோல் உள்ள போயிருச்சு. அடுத்த மேட்ச்லயும் அதேதான்."

சுவக்கீன் மகளையே பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்களால பயமாருக்குன்னு எப்படிச் சொல்றது? ரிஞ்சு ராசின்னு சொன்னா. நீங்களும் சிரிச்சீங்க. சரி, சிரிப்போட போகட்டும்னு விட்டுட்டேன்."

முருகேஸ்வரி வண்டி மாறியதை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"தொடுபுழையில ஒரு தடவ திரும்பியிருக்கலாம்ப்பா" என்றாள் அவள்.

"திரும்பினா ஒனக்கு இன்னும்..." என்று தொடங்கினார். சாவியைத் திருகினார். ஜீப்பை ஒரு வட்டமடித்து, மைதானத்தைப் பார்க்க நிறுத்தினார்.

ரிஞ்சு நடு மைதானத்திலிருந்து அதைப் பார்த்தாள். கையை ஆட்டி ஏதோ சொன்னாள். விசில் ஊதிவிட்டது.

நல்லதே நடந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே எதிரணி கோல் போட்டது. அந்தக் கணமே மைதானத்தில் இருந்த இவர்களின் பதினோரு தலைகளும் பந்தைப் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்தன. சுவக்கீனின் கை சாவிக்குப் போயிற்று. கத்தரீனாள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"இருங்கப்பா. பாருங்க."

அவர் பார்த்தார். பெண்கள் ஆட்டத்துக்கு ஒரு கண், ஜீப்புக்கு ஒரு கண் என்று ஆடுவதையும் பார்த்தார். முடிவதற்குச் சற்று முன்னால், சித்ரா கோலை விட்டு ரொம்ப முன்னே வந்துவிட்டாள். பந்து அவள் தலைக்கு மேலே வளைந்து, ஒருமுறை குதித்து, உள்ளே போயிற்று.

"நீ இருந்திருந்தா அதப் புடிச்சிருப்ப" என்றார் சுவக்கீன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் பாத்ததே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்கத்தான் கேட்டாள். ஆனால் அவருக்கு அந்த மைதானம், பூவரச மரம், கைதட்டுகிற கூட்டம் எல்லாம் ஒரேயடியாக மங்கிப்போயின. இறுதி ஆட்டம் வரை வந்த அணி. கல்லூரிச் சரித்திரத்தில் இல்லாத வருஷம். அவளுக்குக் கடைசி வருஷம். அதில் மகள் ஆடிய ஒரு ஆட்டத்தையும் அவர் முழுசாகப் பார்க்கவில்லை.

திரும்பி மலையேறும்போது இரண்டாம் பரிசுக் கோப்பை சாக்குக்குள் பந்துகளோடு கிடந்து உருண்டது. முண்டக்கயம் தாண்டிய பிறகு ரிஞ்சு பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள், "அங்கிள் திருப்பாம இருந்திருக்கலாம்."

கத்தரீனாள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டப்பனை, மூடிய கண், தன் பயம், எல்லாம். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். "சரி, விடு" என்றாள் ஒருத்தி. கத்தரீனாள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. சித்ரா மட்டும், தன்மேல் பழி விழாமல் போன நிம்மதியில் தூங்கிப்போனாள். சுவக்கீன் வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

முருகேஸ்வரி திரும்ப வண்டியேறவில்லை. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் மாறினார்கள். ஆட்டம் முடிந்தாலும் பேச்சு முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்த பின், கத்தரீனாள் லயத்து வாசலில் நாற்காலி போட்டு, கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறு மாசத்துக்கு ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் கல்லூரி முடிந்துவிடும். அப்புறம் ஏதாவது ஏலக்காய்க் கம்பெனியில் கணக்கெழுதப் போக வேண்டும். கல்லூரிக்குத் திருப்பிக் கொடுக்காமல் பக்கத்தில் கிடந்த சாக்கிலிருந்து ஒரு பந்தை எடுத்து அப்பாவிடம் உருட்டினாள்.

"எறிங்க."

"காலு கட்டோட இருக்கு புள்ள."

"காலாலயா புடிக்கப்போறேன்? எறிங்க."

அவர் முட்டையைக் கை மாற்றுவது போல எறிந்தார். அவள் ஒற்றைக் கையில் வாங்கித் திருப்பி உருட்டினாள்.

செபமாலையம்மாள் அரிசி களைந்துகொண்டே வாசலுக்கு வந்தாள். "அவரு எறியற லச்சணத்துக்கு நம்ம ஊட்டுக் கோழிகூடப் புடிக்கும். ஓங்கி எறியும்யா."

"ஓங்கி எறிங்கப்பா. பந்தப் பாத்து. என்னப் பாத்து."

சுவக்கீன் இரண்டு அடி பின்வாங்கினார். பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண் பந்தில் இருந்தது, விரல்கள் விரிந்திருந்தன. அவளை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. பலமாக எறிந்தார்.

பந்து கையில் அறைந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா?" என்றாள் கத்தரீனாள்.

அவர் கண்ணைத் திறந்தார். பந்து அவள் மார்போடு இருந்தது.

"பாத்தேன்" என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பந்தை மறுபடி அவர் காலடிக்கு உருட்டிவிட்டாள்.